போன கோடையில் எடுத்த முடிவு

மே மாதத் தொடக்கத்தில் டோக்கியோவின் பெரிய சாலைகளில் நடந்தால், முழங்கால் உயரத்தில் ஒரு பூவேலி கூடவே வரும். ஓமுராசாகி என்ற ட்சுட்சுஜி வகை அது. நம்மூர் நர்சரிகளில் இதன் உறவுச் செடிகளை அசேலியா என்று விற்பார்கள். நீலகிரிச் சோலை ஓரங்களில் செக்கச்செவேலெனப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரம் இதற்குப் பங்காளி முறை. வாகனப் புகை, ஆழமில்லாத மண், ஓயாத வெட்டு என எல்லாவற்றையும் தாங்கும் என்பதால் சாலைப் பராமரிப்பாளர்களுக்கு இந்தச் செடிமேல் தனிப் பிரியம்.

நன்றாகப் பூத்த வேலியைவிட, பாதி பூத்த வேலியிடம்தான் நமக்குத் தெரிந்துகொள்ள அதிகம் உண்டு. சில இடங்களில் வேலியின் உச்சி மட்டப்பலகை வைத்தாற்போலச் சமமாக, வெறும் பச்சையாக இருக்கும். பூவெல்லாம் பக்கவாட்டில், தரையை ஒட்டிய கிளைகளில் மட்டும். செடிக்கு நோய் ஒன்றுமில்லை. போன இலையுதிர்காலத்தில் யாரோ கவாத்து இயந்திரத்தோடு வந்து உச்சியை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார். கத்தி எட்டாத இடத்தில் மொட்டு பிழைத்திருக்கிறது.

ட்சுட்சுஜி பூத்து ஓய்ந்ததும் புதுத்தளிர் விடும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அந்தத் தளிர்களின் நுனியில்தான் அடுத்த வசந்தத்துக்கான பூமொட்டு உருவாகும். உருவான மொட்டு இலையுதிர்காலம், குளிர்காலம் முழுவதும் அப்படியே காத்திருக்கும். ஆகவே விவரம் தெரிந்த தோட்டக்காரர் கடைசிப் பூ வாடியதும் வெட்டிவிடுவார். அக்டோபரில் வெட்டுபவர் இலையை வெட்டுவதாக நினைத்துக்கொண்டு அடுத்த ஆண்டின் பூவை வெட்டுகிறார். அவருக்குத் தண்டனை ஆறு மாதம் கழித்து வருகிறது. அதற்குள் வெட்டியவர் யாரென்பது எல்லோருக்கும் மறந்துபோகும்.

ஒரு புதரில் இன்றைக்குத் திறக்கும் பூவுக்கான முடிவு வேறொரு பருவத்தில், வேறொரு வானிலையில், பல சமயம் வேறொருவர் கையில் எடுக்கப்பட்டது. டோக்கியோவின் பூக்களை இந்தக் கண்ணோடு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், அந்த நகரம் தன் மண்ணுக்கும் காற்றுக்கும் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்பதும் கூடவே தெரியவரும்.

வேலியை விட்டு நகரும் முன் ஒரு பூவைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம். ஐந்து இதழ் மடல்களில் மேலே நிற்கும் ஒன்றில் மட்டும் அடர்நிறப் புள்ளிகள் இருக்கும். தேன் எங்கே என்று பூச்சிக்குக் காட்டும் அடையாளம் அது. அந்த மடலின் அடியில்தான் தேனுக்குப் போகும் குறுகிய வழி இருக்கிறது. மகரந்தத்தாள் பத்து. ஒவ்வொரு மகரந்தப்பையின் நுனியிலும் இரண்டு சிறு துளைகள். அந்தத் துளையை விரல்நுனியால் தொட்டு மெல்ல இழுத்தால் தூள் உதிராது. மெல்லிய நூலில் கோத்த மணிகளாக வெளியே வரும். மகரந்தத் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பிசுபிசுப்பான இழைகள் அவை. பூவைத் தேடி வரும் பெரிய வால்பட்டாம்பூச்சியின் இறகில் ஒரு துகள் ஒட்டினால் போதும், சரம் முழுதும் பின்னாலேயே போய்விடும். நம்மூர்ப் பிள்ளைகள் இட்லிப்பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சுவதுபோல ஜப்பானியப் பிள்ளைகள் இந்தப் பூவின் காம்புப் பக்கத்தைச் சப்புவார்கள். ஆனால் இதே குடும்பத்தில் ரெங்கெட்சுட்சுஜி என்றொரு வகை உண்டு. அதன் தேன் உட்பட எல்லாம் நஞ்சு. பெரியவர்கள் அதட்டுவதில் காரணம் இருக்கிறது.

ட்சுட்சுஜிமேல் இந்த ஊருக்குள்ள பித்து பழையது. இன்றைய கொமகொமே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஷோகன்கள் ஆண்ட எதோ காலத்தில் சோமெய் என்றொரு தோட்டக்காரர் கிராமம் இருந்தது. பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களுக்குச் செடி வளர்த்துக் கொடுப்பதே ஊர்த்தொழில். அங்கே நர்சரி நடத்திய இதோ இஹெய் என்பவர் 1692-இல் ‘கின்ஷூ மகுரா’ என்ற நூலை வெளியிட்டார். முழுக்க முழுக்க ட்சுட்சுஜி வகைகளையும் அதன் உறவான சட்சுகி வகைகளையும் பற்றிய நூல் அது. ஒரு நர்சரிக்காரர் ஒரே செடிக் குடும்பத்துக்கு விளக்கப்படங்களோடு நூல் போடுமளவுக்கு வாங்குபவர்கள் இருந்திருக்கிறார்கள்!

அந்தக் கிராமத்தின் பெயர் இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்திருப்பது ஒரு செர்ரி மரத்தால். சோமெய் யோஷினோ அதன் பெயர். எதோஹிகான், ஓஷிமாசகுரா என்ற இரு இனங்களின் கலப்பில் பிறந்தது. 1900-இல்தான் அதற்கு முறையாகப் பெயர் வைத்தார்கள். நாடெங்கும் நிற்கும் சோமெய் யோஷினோ மரங்கள் எல்லாமே ஒட்டுப்போட்டு வளர்த்தவை. மரபணு அளவில் ஒரே மரத்தின் நகல்கள். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனம் என்பதால், இரண்டு சோமெய் யோஷினோக்கள் பக்கத்தில் நின்றாலும் அவற்றுக்குள் காய் பிடிக்காது. மனிதன் ஒட்டுக்கட்டுவதை நிறுத்தினால் இந்த மரத்தின் கதை ஒரு தலைமுறையோடு முடிந்தது.

காதலர்களுக்கும் கவிஞர்களுக்கும் அது சோகம்; வானிலையாளருக்கு வரம். தரப்படுத்திய ஆயிரக்கணக்கான கருவிகளை நாடெங்கும் யாரோ நட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு ஊர்களில் பூக்கும் நாள் வேறுபட்டால் மரபணுவைக் குறை சொல்ல முடியாது. ஊரின் வெப்பநிலைதான் காரணமாக இருக்க வேண்டும். டோக்கியோவின் அதிகாரபூர்வ மாதிரி மரம் யசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. வானிலை முகமையின் அலுவலர் போய் அண்ணாந்து பார்த்து, ஐந்தாறு பூ விரிந்திருந்தால் ‘பூத்தது’ என்று அறிவிப்பார். கேமராக்கள் சூழ்ந்து நிற்க அவர் ஒவ்வொரு பூவாக எண்ணுவதைத் தொலைக்காட்சிகள் காட்டும். எண்பது சதவீத மொட்டுகள் விரிந்தால் ‘முழுப்பூப்பு’. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி டோக்கியோவில் பூப்பு மார்ச் 24, முழுப்பூப்பு மார்ச் 31. 2020-இல் மார்ச் 14 அன்றே பூத்து, அதுவரை இருந்த பதிவையெல்லாம் முறியடித்தது.

வெயில் ஏறினால் பூ சீக்கிரம் வரும் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. செர்ரியின் பூமொட்டும் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகிறது. அப்போது இலைகள் மொட்டுக்கு ஒரு ஹார்மோனை அனுப்பி உறங்க வைக்கின்றன. அந்த உறக்கம் கலைய வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். குளிர் போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் மொட்டு வெப்பத்தைக் கணக்கில் எடுக்கத் தொடங்கும். ஜப்பானியரிடையே ஒரு கைக்கணக்கு உண்டு: பிப்ரவரி 1 முதல் அன்றன்றைய அதிகபட்ச வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்தால், கூட்டுத்தொகை 600 டிகிரியைத் தொடும்போது பூக்கும். டோக்கியோவுக்கு இது ஓரளவு சரியாகவே வரும். தெற்கே ககோஷிமாவில் குளிர்காலம் மிதமாக இருந்துவிட்டால் மொட்டுக்கு உறக்கம் சரியாகக் கலையாது. தெற்கூரில் பிந்திப் பூத்து, வடக்கூரில் முந்திப் பூக்கும் வேடிக்கை நடக்கும். 2020-இல் அப்படித்தான் டோக்கியோ முந்தியது.

இலைதான் மொட்டை உறங்க வைக்கிறது என்பதற்கு 2018 இலையுதிர்காலம் ஊரறியச் சாட்சி சொன்னது. அடுத்தடுத்து வந்த சூறாவளிகள் கடல் உப்பை நிலத்துக்குள் வாரியிறைத்ததில் செர்ரி இலைகள் கருகி, காலத்துக்கு முன்பே கொட்டிவிட்டன. உறங்கச் சொல்ல ஆளில்லாத மொட்டுகள் அக்டோபர் வெதுவெதுப்பில் விரிந்தன. வசந்தம் திரும்பி வந்ததாகச் சிலர் படம்பிடித்து மகிழ்ந்தார்கள். மரத்துக்கு அது நஷ்டம். அந்த மொட்டுகள் அடுத்த மார்ச்சுக்கு இல்லை.

கியோத்தோவின் கணக்கு இன்னும் நீளம். அரசவை நாட்குறிப்புகளிலும் பயணக் குறிப்புகளிலும் பூக்காணும் விழா நடந்த தேதிகளைத் தேடியெடுத்து, கி.பி. 812 தொடங்கி முழுப்பூப்பு நாட்களைத் தொகுத்தார் ஆய்வாளர் அவோனோ யசுயுகி. அவை காட்டுச் செர்ரியான யமாசகுராவின் தேதிகள். அந்த ஆயிரத்து இருநூறு ஆண்டு வரிசையில் மிக முந்திய முழுப்பூப்பாக 1409-ஆம் ஆண்டின் மார்ச் 27 இருந்துவந்தது; 2021-இல் மார்ச் 26 அதை ஒரு நாளால் முந்தியது. புவி சூடாவதோடு கட்டடங்களும் தார்ச்சாலைகளும் சேர்ந்த விளைவு இது. டோக்கியோவில் நூறாண்டில் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரி ஏறியிருக்கிறது.

ஜூனில் மழைக்காலம் தொடங்கும்போது அஜிசாய் வரும். ஹைட்ராஞ்சியா என்றால் ஊட்டி, கொடைக்கானல் போனவர்களுக்குத் தெரியும். பழைய பங்களாக்களின் முற்றத்தில் நீலப் பந்துகளாக நிற்பது. ஜப்பானின் மண் பல இடங்களில் எரிமலைச் சாம்பலிலிருந்து வந்தது, மழையும் மிகுதி. அமிலத்தன்மை கொண்ட அந்த மண்ணில் அலுமினியம் நீரில் கரைந்து வேர் வழியாக ஏறும். பூவின் நிறமியான ஆந்தோசயனினோடும் துணைப்பொருள் ஒன்றோடும் அலுமினியம் சேர்ந்தால் நீலம். அலுமினியம் கிடைக்காவிட்டால் அதே நிறமி ரோஜா நிறமாகவே நின்றுவிடும். பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாளில் அமிலத்துக்குச் சிவப்பு, காரத்துக்கு நீலம் என்று படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மண்ணின் அமிலம் நிறமியை நேரடியாகத் தொடுவதில்லை. அலுமினியத்தை விடுவித்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது.

இதை நகரத்தில் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். பழைய குடியிருப்புச் சந்து ஒன்றில் சிமென்ட் சுவரை ஒட்டி நீளமாக நட்டிருக்கும் அஜிசாய் வரிசையைப் பாருங்கள். சுவரிலிருந்து தள்ளி நிற்கும் கிளைகளில் பூ நீலமாகவும், சுவரடியில் வேர் பாவியவற்றில் ஊதாவாகவும் ரோஜாவாகவும் இருப்பதைக் காணலாம். சிமென்டிலிருந்து மழையோடு கசியும் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைத் தணித்துவிடுகிறது. அலுமினியம் மண்ணிலேயே பூட்டிக்கிடக்கிறது. ஒரே செடியில் இருநிறம் கண்டால், இரு பக்க வேர்களுக்கும் இருவேறு மண் கிடைத்திருக்கிறது என்று யோசிக்கலாம். (வெள்ளை அஜிசாய்க்கு நிறமியே இல்லை, அதை எந்த மண்ணில் வைத்தாலும் நீலமாக்க முடியாது. படிகாரத்தைக் கொட்டிப் பார்க்க வேண்டாம்.)

நாம் பூவென்று சொல்லும் அந்த நீல இதழ்கள் உண்மையில் புல்லி இதழ்கள், வெறும் விளம்பரப் பலகை. உண்மையான பூ கொத்துக்குள் கடுகளவில் ஒளிந்திருக்கும். வானிலை முகமையும் அந்தக் கடுகு இரண்டு மூன்று திறந்தால்தான் அஜிசாய் பூத்ததாக ஏற்றுக்கொள்ளும். விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாத அரசுத்துறை ஒன்று எங்கோ இருக்கிறது என்பதே ஆறுதல்.

கோடையின் கடுமைக்கு நமக்கு மிகவும் பழகிய ஒரு செடி வருகிறது: அரளி. ஆற்றுப் படுகைகளில் வெள்ளத்தையும் வறட்சியையும் மாறிமாறிப் பார்த்து வளர்ந்த புதர். சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்தது. அதன் இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் சிறுசிறு குழிகள் தெரியும். மூச்சுத்துளைகள் அந்தக் குழிகளுக்குள், ரோமங்களின் மறைவில் இருக்கின்றன. நீர் வீணாகாமல் காப்பதற்கான ஏற்பாடு இது. நெடுஞ்சாலை ஓரங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் ஜப்பானியர் அரளியை நட்டதற்கு இந்தத் தாங்குதிறன்தான் காரணம். ஹிரோஷிமாவுக்குக் காரணம் வேறு. 1945 ஆகஸ்டில் அணுகுண்டு விழுந்த பிறகு அந்த மண்ணில் எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒன்றும் முளைக்காது என்ற பேச்சு பரவியது. கருகிய நிலத்தில் முதலில் பூத்தவற்றுள் அரளி ஒன்று என்பதால் 1973-இல் நகரத்தின் மலராக அதை அறிவித்தார்கள்.

அரளியோடு போட்டியிட்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை பூப்பது சருசுபெரி. நம் பூமருதுவின் உறவு. வழவழப்பான பட்டையும் கசங்கிய பட்டுத்துணியைப் போன்ற இதழ்களும் கொண்டது. இது ட்சுட்சுஜிக்கு நேரெதிர்: அந்த ஆண்டின் புதுக்கிளை நுனியிலேயே பூக்கும். குளிர்காலத்தில் எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் கவலையில்லை. பூவுக்குள் இருவகை மகரந்தத்தாள்கள் இருப்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். நடுவில் பளிச்சென்ற மஞ்சளில் குட்டையானவை நிறைய. வெளிவட்டத்தில் மங்கிய நிறத்தில் நீண்டு வளைந்தவை ஆறு. இந்தப் பூவில் தேன் கிடையாது. தேனீ நடுவிலிருக்கும் மஞ்சளைச் சாப்பிட உட்காரும். அது பந்தியில் மும்முரமாக இருக்கையில் நீண்ட ஆறும் பின்னாலிருந்து அதன் முதுகில் தூளைத் தடவிவிடும். முதுகில் பட்டதைத் தேனீயால் எளிதில் வழித்தெடுக்கவும் முடியாது.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, எங்கிருந்து என்று தெரியாமல் பழுத்த பழத்தின் வாசனை தெருவெல்லாம் நிறையும். கின்மோகுசெய். கரும்பச்சை இலைக்கிடையே பொடிப்பொடியாக ஆரஞ்சுப் பூக்கள். கோடை வெப்பம் இறங்குவதை உணர்ந்துதான் மொட்டு விரிகிறது என்பதால் ஒரு வட்டாரம் முழுக்க அநேகமாக ஒரே நேரத்தில் மணக்கும். ஒரு வாரத்துக்குள் எல்லாம் உதிர்ந்து மரத்தடி ஆரஞ்சாகிவிடும். வாசனையில் உள்ள காமா-டெகாலாக்டோன் என்ற பொருள் பீச் பழத்திலும் உண்டு. முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சியை அதே பொருள் விரட்டும் என்றும் கண்டிருக்கிறார்கள். நடுத்தர வயதைத் தாண்டிய ஜப்பானியர் சிலருக்கு இந்த வாசனை வந்தால் கழிப்பறைதான் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் கழிப்பறை நறுமணப் பொருட்களெல்லாம் இந்த மணத்தில் வந்தன.

இவ்வளவு மணந்தும் கின்மோகுசெய் ஜப்பானில் காய்ப்பதில்லை. ஆண், பெண் தனித்தனி மரம் என்ற இனம் இது. சீனாவிலிருந்து வந்ததில் ஜப்பானில் பரவியவை அநேகமாக எல்லாம் ஆண். போத்து வெட்டி நட்டு நட்டுப் பெருக்கினார்கள். மாப்பிள்ளைகள் மட்டுமே கூடிய கல்யாணம். இதன் மறுபாதிக் கதை இங்கிலாந்தில் நடந்தது. டோக்கியோ வீடுகளின் நிழல் மூலைகளில் வளரும் அவோகி என்ற பசுமைமாறாப் புதரின் பெண்செடி 1783-இல் அங்கே போய்ச் சேர்ந்தது. இலைக்காக எங்கும் நட்டார்கள். குளிர்காலத்தில் கொத்துக்கொத்தாகக் காய்க்க வேண்டிய சிவப்புக் கனி ஏறத்தாழ எண்பது ஆண்டாக ஒன்றுகூடக் காய்க்கவில்லை. 1860-இல் ஜப்பான் வந்த தாவரச் சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூனின் தேடல் பட்டியலில் ஆண் அவோகி முக்கியமான ஒன்று. அவர் அதை அனுப்பிவைத்த பிறகே ஆங்கிலேயத் தோட்டங்கள் சிவந்தன. சோமெய் கிராமத்து நர்சரிகளையும் பார்த்து வியந்தவர் அவர்.

நவம்பர், டிசம்பரில் பெரும்பாலானோர் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். என்னைக் கேட்டால் அப்போதுதான் சுவையான பகுதி தொடங்குகிறது. கட்டடங்களின் வடக்குப் புறத்தில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், யாட்சுதே என்ற அகன்ற விரலிலைப் புதர் வெள்ளை உருண்டைகளாகப் பூக்கும். குளிரில் தேனீக்கள் குறைவு. வருபவை பெரும்பாலும் ஈக்கள். மினுமினுக்கும் நீல ஈ, மிதவை ஈ என வெயில் விழும் நேரத்தில் மொய்க்கும். வேறு பூ அதிகம் இல்லாத காலத்தில் கடை திறந்து வைத்திருப்பதே யாட்சுதேயின் உத்தி. ஒரு கொத்தைச் சில நாள் விடாமல் பாருங்கள். முதலில் மகரந்தத்தாள்கள் நீட்டி நிற்கும், தேன் பளபளக்கும்: ஆண் கட்டம். பிறகு இதழும் தாளும் உதிர்ந்து தேன் வற்றும். அதன் பின் நடுவில் சூல்முடிகள் நீண்டு, தேன் மறுபடி சுரக்கும்: பெண் கட்டம். தன் தூள் தன் சூல்முடியில் விழாமல் இருக்க ஒரே பூ இரு வேளையில் இரு பாலாக இருக்கிறது.

குளிர் முற்றும்போது பூச்சியை நம்பிப் பயனில்லை. ட்சுபாகி என்ற கமேலியா பறவையை நம்புகிறது. தேயிலையின் நெருங்கிய உறவான இதன் பூ தடித்த சிவப்பு இதழும் ஏராளமான தேனும் கொண்டது. மகரந்தத்தாள்களின் அடிப்பகுதி ஒன்றாகக் கூடிக் குழாயாக இருக்கும். அதனால் பூ இதழிதழாக உதிராமல் முழுசாகக் கழன்று ‘தொப்’பென்று விழும். வெள்ளைக்கண்ணி இனத்தைச் சேர்ந்த மெஜிரோ என்ற சிறு பச்சைக் குருவி உள்ளே தலையை விட்டு, முகமெல்லாம் மஞ்சளாக வெளியே வரும். குருவியைப் பார்க்கக் கொடுத்துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. விழுந்து கிடக்கும் பூவை எடுத்து இதழில் பழுப்புநிறக் கீறல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: பறவை நகம் பற்றிய தடம். இதே தோற்றமுள்ள சசான்கா அதற்கு முன்பே பூத்துவிடும். அதன் இதழ்கள் தனித்தனியாக உதிரும். இரண்டையும் பிரித்தறிய அண்ணாந்து பார்க்க வேண்டாம், மரத்தடியைப் பார்த்தால் போதும்.

ட்சுபாகி, சருசுபெரி, காட்டு ட்சுட்சுஜி எல்லாம் வானிலை முகமையின் பட்டியலில் முன்பு இருந்தவை. 1953 முதல் நாடெங்கும் ஒரே விதிப்படி பூப்பு நாட்களைக் குறித்துவந்த முகமை, 34 தாவர வகைகளையும் 23 விலங்கு வகைகளையும் கவனித்துவந்தது. 2021 ஜனவரியோடு விலங்குகளை அறவே விட்டுவிட்டு, தாவரங்களை ஆறாகக் குறைத்தது: உமே என்ற பிளம்வகை மரம், செர்ரி, அஜிசாய், சுசுகி என்ற நாணல்வகைப் புல், கிங்கோ, மேப்பிள். நகரம் வளர வளரக் கவனிக்க வேண்டிய உயிர்கள் நிலையங்களுக்கு அருகில் அகப்படாமல் போனது ஒரு காரணம். இவ்வளவு நீண்ட வரிசையை அறுப்பது, பணமோ ஆளோ எவ்வளவு மிச்சமானாலும், கைநஷ்டம் என்றே நான் நினைக்கிறேன். விட்டுப்போன ஓர் ஆண்டைப் பிறகு யாரும் போய்ப் பார்த்துவர முடியாது. அதே ஆண்டு தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் தன்னார்வலர்களைச் சேர்த்து, கைவிடப்பட்ட இனங்களின் கவனிப்பைத் தொடரும் வலையமைப்பைத் தொடங்கியது.

அப்படிக் கவனிக்க விரும்புபவருக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஆண்டுதோறும் அதே செடியைப் பார்க்க வேண்டும், பக்கத்துச் செடியை அல்ல. ‘பூத்தது’ என்பதற்கு எத்தனை பூ என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு அதை மாற்றக் கூடாது. பூக்காத நாட்களில் போனதையும் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் பூத்த நாள் எது, நாம் பார்த்த நாள் எது என்று பின்னால் பிரிக்க முடியாது. கவாத்து ஆட்கள் வந்த தேதியையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.